உங்களுக்குத் தெரியுமா? பூனாகலையில் ஒரு பாட வீடியோ

பண்டாரவளையில் பஸ் ஏறிப் பூனாகலைக்குப் போகிறவர்களுக்கு, போன் சிக்னல் எந்த வளைவில் போகும், எந்த வளைவில் திரும்பி வரும் என்பது அத்துப்படி. அந்த மலையில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பாடத்தை வீடியோவாக எடுத்து அனுப்ப இன்று ஸ்டூடியோ வேண்டாம். சேரிடமோ டீச்சரிடமோ ஒரு போன் இருந்தால் போதும். ஆனால் அனுப்பியது போய்ச் சேர வேண்டும், சேர்ந்தது காதில் விழ வேண்டும், விழுந்தது மனதில் நிற்க வேண்டும். இந்த மூன்றுக்கும் உதவும் சில தகவல்கள்.

அந்தக் காலத்தில்

● தேயிலைத் தோட்டத்தைக் காட்டி உலகப் பெயர் வாங்கிய படம், 1934இல் வந்த ‘சாங் ஒஃப் சிலோன்’. இயக்கியவர் பசில் ரைட். பணம் போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. காட்சிகளை இலங்கையில் எடுத்தார்கள். ஒலியை லண்டன் ஸ்டூடியோவில் சேர்த்தார்கள். பின்னணிக் குரல் கொழும்பின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டுடையது. முதலில் படம், பிறகு அமைதியான அறையில் குரல் என்ற அதே முறை, இரைச்சல் நிறைந்த பாடசாலைக்கு இன்றும் பொருந்தும்.

● இன்னும் 10 ஆண்டில் பாடசாலைகள் தலைகீழாக மாறிவிடும், புத்தகத்தின் இடத்தைச் சினிமா பிடித்துவிடும் என்று 1913இல் சொன்னவர் தோமஸ் அல்வா எடிசன். நூறாண்டு தாண்டியும் பிள்ளைகளின் பையில் புத்தகம் இருக்கிறது.

● மெக்சிக்கோவில் ஒதுக்குப்புறக் கிராமப் பிள்ளைகளுக்காக 1968இல் தொலைக்காட்சி இடைநிலைப் பாடசாலைகள் தொடங்கின. திரையில் பாடம் சில நிமிடம்தான். மீதி நேரம் வகுப்பில் நிற்கும் ஆசிரியரின் கையில். அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. திரை மட்டும் போதும் என்று தொடங்கிய பல திட்டங்கள் இருந்த இடம் தெரியவில்லை.

● 1975 ஓகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக இந்தியாவின் 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் போயின. கிராமங்களில் வைத்த அன்டெனா, கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையால் ஆனது. அதே ஒளிபரப்பைப் பார்க்க, கொழும்பில் வசித்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டிலும் இந்தியப் பொறியியலாளர்கள் ஓர் அன்டெனா பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பே தொடங்காத காலம் அது. ரூபவாஹினி வந்தது 1982 பெப்ரவரி 15இல்.

சிக்னல் கிடைக்கும் இடம்

● 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ரூபவாஹினியின் தமிழ் அலைவரிசையான நேத்ராவில் பாடங்கள் ஒளிபரப்பாகின. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் இருந்தன. டீவி இருந்த லயத்தில் முதலாவது எட்டியது. டேட்டா இருந்த லயத்தில்தான் இரண்டாவது எட்டியது.

● அடுத்த ஆண்டு பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமம் உலகச் செய்தியானது. அங்கே சிக்னல் பிடிக்க ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டு வழியே 3 கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு பாறை உச்சிக்குப் போனார்கள். லுணுகலைப் பக்கத்தில், மலை உச்சியில் மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறிப் பிள்ளைகள் பாடம் எடுத்துக்கொண்டார்கள். இப்படி நடந்து போய் இறக்கும் வீடியோவில் முதல் 40 விநாடி பெயரும் இசையும் சுற்றிக்கொண்டிருந்தால் அது யாருடைய டேட்டா?

● பலூனில் இணையம் தரும் கூகுளின் ‘லூன்’ திட்டம் இலங்கைக்கும் வந்தது. 2016 பெப்ரவரியில் அந்தப் பலூன் ஒன்று கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் காற்றிறங்கிக் கிடந்ததைத் தோட்டத்து மக்கள் கண்டெடுத்தார்கள். திட்டம் 2021இல் மொத்தமாகக் கைவிடப்பட்டது.

● தோட்டப்புறங்களிலும் கிராமங்களிலும் இயங்கிய ‘நெணசல’ கணினி நிலையங்களுக்கு 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருது கிடைத்தது. வீட்டில் இணையம் இல்லாதவருக்குப் பொது இடத்தில் இணையம் தந்ததற்காகக் கிடைத்த விருது அது.

● கோபுரம் பக்கத்து மலையில் இருந்தும் லயத்தில் சிக்னல் இல்லையே, ஏன்? அலைவரிசையின் அதிர்வெண் கூடக்கூட, அலை மேட்டைச் சுற்றி வளைந்து வருவது குறையும். 900 மெகாஹேர்ட்ஸ் அலை ஓரளவு வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும். 2100 மெகாஹேர்ட்ஸ் அலை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். பேச முடிகிற இடத்திலும் வீடியோ ஓடாததற்கு இது ஒரு காரணம்.

● கணக்கு இதுதான்: விநாடிக்கு 1 மெகாபிட் என்ற அளவில் சுருக்கிய வீடியோ, நிமிடத்துக்கு ஏழரை எம்பி எடுக்கும். 10 நிமிடப் பாடம் 75 எம்பி. போன் எடுத்த வீடியோவைச் சுருக்காமல் அனுப்பினால் ஒரு நிமிடமே 100 எம்பியைத் தாண்டலாம். வகுப்பில் 40 பிள்ளை என்றால், சுருக்காத 5 நிமிடப் பாடத்துக்கு 40 வீட்டிலும் சேர்த்து 20 ஜிபி ரீலோட் கரையும்.

● குரல் மட்டும் என்றால்? நிமிடத்துக்குக் கால் எம்பிகூட வராது. ஒரு படம், ஐந்து நிமிடக் குரல், ஒரு செயலட்டை மூன்றும் சேர்ந்து 2 எம்பிக்குள் அடங்கும். அசைவு எதுவும் காட்டத் தேவையில்லாத பாடத்துக்கு வீடியோவே வேண்டாம்.

● 2022 மார்ச் 31இல் நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. கரண்ட் போனால் சார்ஜ் போகும், கோபுரத்து பெட்டரியும் இறங்கும். மெமரி கார்டில் ஏற்றிக் கைமாறும் பாடத்துக்குக் கோபுரமே வேண்டாம். சனிக்கிழமை டவுனுக்குப் போகிற அண்ணன் ஒருவர் பத்து வீட்டுக்குப் பாடம் இறக்கி வரலாம்.

எத்தனை நிமிடம், எத்தனை சத்தம்?

● 2014இல் எடெக்ஸ் இணையப் பாடங்களில் 69 இலட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை பிலிப் குவோவும் இரு சகாக்களும் ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர் பார்த்தது நடுமதிப்பில் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. பெரிய ஸ்டூடியோவில் செலவு செய்து எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து நேராகப் பேசியது அதிகம் பார்க்கப்பட்டது. வகுப்பறை விரிவுரையை வெட்டி ஒட்டியதைவிட, வீடியோவுக்கென்றே திட்டமிட்டு எடுத்தது நன்றாக ஓடியது.

● 2013இல் ஹார்வர்டில் 21 நிமிடப் புள்ளிவிபரவியல் பாடம் ஒன்றை நான்கு துண்டாக்கினார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் சிறு சோதனை, மற்றவர்களுக்கு இல்லை. சோதனை எழுதியவர்களின் மனம் அலைபாய்ந்தது குறைவு. குறிப்பு எடுத்தது அதிகம். கடைசிப் பரீட்சையில் புள்ளியும் அதிகம். சோதனை பயமும்கூடக் குறைந்திருந்தது.

● மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் ஒரு சின்ன அசைபடத்தை வைத்து மொரேனோ, மேயர் என்ற இரு உளவியலாளர்கள் 2000இல் சோதனை செய்தார்கள். சிலருக்கு விளக்கக் குரல் மட்டும். சிலருக்குப் பின்னணி இசையும் இடிச் சத்தமும் சேர்த்து. இசை கேட்டவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். பாடத்துக்கு பிஜிஎம் போட ஆசைப்படும் சேர்மார் கவனிக்க.

● அதே மேயரும் சகாக்களும் 2004இல் சுவாசத் தொகுதி பற்றிய பாடத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். பொதுவாக ‘நுரையீரல்’ என்று வந்த இடத்தில் ‘உங்கள் நுரையீரல்’ என்று சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள் புதிய கேள்விகளுக்கு நன்றாகப் பதில் எழுதினார்கள். “மாணவர்கள் அவதானிக்கப்பட வேண்டும்” என்பதை “இங்க பாருங்க புள்ளைகளா” என்று மாற்றக் காசு செலவில்லை.

● திரையில் படம் ஓடும்போது, பேசுவதை அப்படியே எழுத்தாகவும் போட்டால் நல்லதா? விஞ்ஞானம் விளங்கப்படுத்தும்போது கெடுதல். கண் படத்தை விட்டு எழுத்துக்குப் போய்விடும். வாசிப்புப் பழக்கும்போது நன்மை. அகமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி 1996இல் யோசித்தது இதைத்தான்: டீவியில் சினிமாப் பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகளைக் கீழே ஓடவிட்டால், பார்ப்பவர் தன்னையறியாமல் வாசிக்கப் பழகுவார். குஜராத்தி டீவியில் 1999இல் அது தொடங்கியது. ஆகவே தரம் 2 தமிழ்ப் பாடத்துக்கு வரிகள் ஓடட்டும். தரம் 9 விஞ்ஞானத்துக்கு முக்கியச் சொற்கள் மட்டும் போதும்.

● வரைந்து முடித்த படத்தைக் காட்டி விளக்குவதைவிட, பேசிக்கொண்டே கை வரைவதைக் காட்டினால் நன்றாக விளங்குகிறது என்பது பியோரெல்லா, மேயர் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு. கணினியில் அழகாகச் செய்த சிலைடு இல்லையே என்று கவலைப்படும் டீச்சருக்குக் கரும்பலகையும் வெண்கட்டியும் போதும்.

● கை செய்யும் வேலையைக் காட்ட, கமரா எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? செய்பவரின் கண் இருக்கும் பக்கம். அப்படி எடுத்ததைப் பார்த்தவர்கள், எதிர்ப்பக்கத்தில் இருந்து எடுத்ததைப் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்து காட்டினார்கள் என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. செலவில்லாத ஏற்பாடு: மேசையின் இரு ஓரத்திலும் நாலைந்து செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகைத் துண்டைக் குறுக்கே போட வேண்டும். கமரா கண் மட்டும் பலகை விளிம்புக்கு வெளியே வரும்படி போனைப் படுக்க வைத்து, ஒரு ரப்பர் பட்டியால் கட்டிவிடலாம். கீழே கொப்பி. போனின் மேல்பக்கம் கொப்பியின் மேல்பக்கம் இருக்கும் திசையில் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னக் கணக்கு முழுவதும் தலைகீழாகப் பதிவாகும்.

● ‘வெரிடேசியம்’ யூடியூப் அலைவரிசையின் டெரெக் முல்லர், 2008இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தது, எந்த வகை வீடியோ நன்றாகக் கற்பிக்கும் என்பதைத்தான். சரியான விளக்கத்தை மட்டும் தெளிவாகச் சொன்ன பௌதிகவியல் வீடியோ ‘நன்றாக விளங்கியது’ என்று பெயர் வாங்கியது, புள்ளி ஏறவில்லை. பிள்ளைகள் பிழையாக நினைப்பதை முதலில் சொல்லி, அது ஏன் பிழை என்று காட்டிய வீடியோ குழப்பமாகத் தெரிந்தது, புள்ளி ஏறியது.

காதும் கண்ணும்

● படம் மங்கலாக இருந்தால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும்; குரல் விளங்காவிட்டால் நிறுத்திவிடும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், ஒலிச் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். கரும்பலகை முழுவதும் தெரிய வேண்டும் என்று போனைப் பின்வாங்குக்குக் கொண்டுபோனால், பதிவாவது பக்கத்து வகுப்பின் வாய்பாடுதான்.

● தீர்வு, இன்னொரு போன். அதைச் சட்டைப் பையில் வைத்துக் குரல் மட்டும் பதியலாம். தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் ஒருமுறை கைதட்ட வேண்டும். கை சேரும் காட்சியையும் ‘டப்’ என்ற சத்தத்தையும் பிறகு பொருத்தினால் உதடும் குரலும் ஒத்துப்போகும். சினிமாவில் கிளாப் அடிப்பதும் இதற்காகவே.

● தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மைக்கும் தோற்கும். ஊவாவின் கிழக்குச் சரிவுகளுக்குப் பெருமழை கொண்டுவருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மாலை மழைக்குக் குறைவில்லை. குரல் பதிவைக் காலையில் வைத்துக்கொள்வது புத்தி.

● வெறும் சுவர் அறையில் குரல் எதிரொலிக்கும். சாக்கு, கம்பளி, தேயிலை மலையில் இடுப்பில் கட்டும் படங்கு, எது கிடைத்தாலும் பேசுபவருக்கு முன்னாலும் பின்னாலும் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும்.

● மலைநாட்டு மூட்டம் படப்பிடிப்புக்கு வரம். வெயிலில் முகத்தின் பாதி கறுக்கும்; மூட்டத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும். அறைக்குள் என்றால் ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் ஆள் நிழலாகிவிடுவார்.

● டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா? இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். கமராவின் ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வைத்தால் பட்டை மறையும். அந்த வசதி இல்லாத போனா? விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போகலாம்.

நம்ம மலையே பாடம்

● எந்தப் பாடத்துக்கு வீடியோ அவசியம்? அசைவு இருக்கும் பாடத்துக்கு. 2007இல் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஹொப்லர், லொய்ட்னர் இருவரும், கையால் செய்யும் வேலையைக் கற்பிக்கையில்தான் அசைபடம் நிலைப்படத்தைப் பெரிதும் முந்துகிறது என்றார்கள். முடிச்சுப் போடுவது, கவராயத்தால் கோணத்தை இரு சமமாக்குவது, கவ்வாத்து வெட்டுவது எல்லாம் அந்த வகை.

● எல்லவைத் தாண்டி வரும் ரயில் தெமோதரை ஸ்டேசனைக் கடந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேசனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. சரிவைச் சமாளிக்க வழி தெரியாமல் பொறியியலாளர் நின்றபோது, கங்காணி ஒருவர் தன் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றியதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, கேத்திர கணிதத்துக்கு இதைவிட நல்ல 40 விநாடி கிடைக்காது. ஒரு நீளத் துணி, கவிழ்த்து வைத்த ஒரு சட்டி, ரயிலுக்கு ஒரு தீப்பெட்டி. துணியைச் சட்டியைச் சுற்றிச் சரிவாக இறக்கித் தன் வாலுக்கு அடியிலேயே நுழைத்துவிட்டு, தீப்பெட்டியை அதன்மேல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஏன் நேராக இறக்கவில்லை என்ற கேள்வியோடு நிறுத்திவிட வேண்டும், விடை வகுப்பில்.

● எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது, உருக்கு இல்லை. நீளம் 91 மீட்டர், உயரம் 24 மீட்டர். வளைவு எப்படிப் பாரத்தைத் தாங்குகிறது என்பதை ஒரு பிள்ளை சவர்க்காரத் துண்டுகளை ஆப்பு வடிவில் வெட்டி அடுக்கிப் படம் பிடித்துவிடலாம்.

● 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைப் பகுதியிலும் மண் சரிந்து லயங்களைத் தாக்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது: 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், வெளியேற வேண்டும்.

● அந்த மழையை அளக்கும் மானியைச் செய்து காட்டுவது, மலைப் பாடசாலைக்கு உகந்த முதல் வீடியோ. பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதன் வாயிலேயே புனல் மாதிரிச் செருக வேண்டும். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும். ஆகவே நேர்ப்பக்கம் தொடங்கும் மட்டம்வரை தண்ணீர் ஊற்றி, அதைப் பூச்சியமாகக் கொள்ள வேண்டும். அங்கிருந்து அடிமட்டத்தால் அளந்து 75, 100, 150இல் மூன்று நிறத்தில் கோடு. திறந்த வெளியில், கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வைக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 லீட்டர் தண்ணீர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கணிதப் பாடமும் முடிந்தது. இந்த வீடியோவைப் பிள்ளையோடு சேர்ந்து அம்மாவும் அப்பாவும் பார்ப்பார்கள்.

● கொழுந்து ஃபெக்டரியில் செம்பு நிறமாக மாறுவதற்கு நுண்ணுயிர் காரணம் என்று நினைக்கும் பிள்ளைகள் பலர். உண்மையில் இலைக்குள் இருக்கும் நொதியமும் காற்றின் ஒட்சிசனும் சேர்ந்து செய்யும் வேலை அது. வெட்டிய அப்பிள் பழுப்பு நிறமாவதும் அப்படித்தான். நாலு கொழுந்தை உள்ளங்கையில் கசக்கித் தட்டில் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்று 2 மணி நேரம் எடுத்தால் 240 படம். விநாடிக்கு 24 படமாக ஓட்டினால், பச்சை சிவப்பாகும் கதை 10 விநாடியில் முடியும்.

● புனேயைச் சேர்ந்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ரப்பரும் வைத்து விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவர். குப்பையில் கிடக்கும் பொருளில் விளையாட்டுச் சாமான் செய்யும் அவருடைய குறும்படங்கள் பல, ஓரிரு நிமிடமே ஓடும், தமிழிலும் கிடைக்கின்றன. 2018இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

● வரலாற்றுப் பாடத்துக்கு ஆள் லயத்திலேயே இருக்கிறார். பெரட்டுக் களத்தில் பெயர் போட்ட விதத்தை, பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுப் போன காலையை, அப்பாயி சொல்ல பேரப்பிள்ளை படம் பிடிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு மலையகத்து வாய்மொழி வரலாறுகளையும் எண்ணிமத்தில் சேர்த்து வைக்கிறது.

யார் பாட்டு, யார் முகம்?

● சினிமாப் பாட்டைப் பாட வீடியோவுக்குப் பின்னால் ஓடவிட்டால் உரிமைப் பிரச்சினை வரும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை இருக்கிறது. பிள்ளைகள் தாமே அடிக்கும் தப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

● 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் நாட்டில் உண்டு. பிள்ளையின் முகம், பெயர், பாடசாலைச் சின்னம் மூன்றையும் ஒரே வீடியோவில் போட்டு உலகத்துக்குத் திறந்துவிடாமல் இருப்பது நல்லது. பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். கையும் குரலும் போதும் என்றால் முகமே வேண்டாம்.

வகுப்புக்கு வந்தபின்

● அமெரிக்காவின் கொலராடோ மலைப் பகுதியில் பேர்க்மன், சாம்ஸ் என்ற இரு இரசாயனவியல் ஆசிரியர்கள் 2007இல் பாடத்தைப் பதியத் தொடங்கியது, வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக. பிறகு எல்லாருமே வீட்டில் பார்த்துவிட்டு வந்தார்கள். வகுப்பு நேரம் பயிற்சிக்குக் கிடைத்தது. மழையில் பாதை மூடினால் பாதி வகுப்பு காலியாகும் மலைப் பாடசாலைக்கும் அந்த முதல் காரணம் பொருந்தும்.

● 2005இல் லக்னோவில் ‘டிஜிட்டல் ஸ்டடி ஹோல்’ என்ற திட்டம், நல்ல ஆசிரியர்களின் வகுப்பைப் படம் பிடித்து டிவிடியில் கிராமப் பாடசாலைகளுக்கு அனுப்பியது. கிராமத்து ஆசிரியருக்கு ஒரு வேலை இருந்தது: நடுவில் நிறுத்தி, கேள்வி கேட்டு, பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைத்துவிட்டு, திரும்ப ஓடவிடுவது. திட்டத்தின் உயிர் அந்த நிறுத்தத்தில்தான் இருந்தது.

● கேரளம் 2020 ஜூன் 1இல் ‘பர்ஸ்ட் பெல்’ வகுப்புகளை விக்டர்ஸ் அலைவரிசையில் தொடங்கியபோது, மாநிலமே பேசியது தரம் 1க்கு நடித்துக் காட்டிய ஒரு டீச்சரின் பூனைக் கதையை. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி அதற்கும் முன்னரே, 2019 ஓகஸ்ட் 26இல் சென்னைக் கோட்டூர்புரத்தில் இருந்து தொடங்கிவிட்டது. அங்கே 2018 முதல் பாடப்புத்தகத்திலேயே கியூஆர் குறி அச்சாகிறது; போனைக் காட்டினால் வீடியோ திறக்கும்.

● தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை உருவாக்கப் பத்தனையில் ஜெர்மன் உதவியோடு எழுந்தது ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி. அங்கே படித்து வெளியேறி, பிள்ளையின் பேச்சும் லயமும் தெரிந்த ஒருவர் போனில் எடுக்கும் பாடத்துக்கு ஒரு தனி வசதி உண்டு: எந்த உதாரணம் பிள்ளைக்குப் பிடிபடும், எந்த இடத்தில் முழிக்கும் என்று அவருக்குத் தெரியும். கொழும்பு ஸ்டூடியோவுக்கு அது தெரியாது.

● வீடியோவால் அதிகம் படிப்பவர் யார்? பெரும்பாலும், எடுப்பவர். படித்ததை ஒரு கமராவுக்கு முன்னால் இன்னொருவருக்குச் சொல்வதுபோல் விளக்கிய மாணவர், திரும்பத் திரும்ப வாசித்தவரைவிட நன்றாகச் செய்தார் என்று நெதர்லாந்தின் ஹோகர்ஹைடேயும் சகாக்களும் 2014இல் காட்டினார்கள். தரம் 10 பிள்ளைகள் தரம் 6க்கு வீடியோ எடுத்தால் இரண்டு வகுப்பும் படிக்கும்.

இந்த வாரக் கணக்கு

6 நிமிடப் பாடம். விநாடிக்கு 1 மெகாபிட் அளவில் சுருக்கியாகிவிட்டது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடும் ஒவ்வொரு துண்டையும் 16 எம்பிக்குள் வைப்பதாக முடிவு. துண்டுகள் சம நீளம். குறைந்தது எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம்?

விடை: மொத்தம் 45 எம்பி. மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 2 நிமிடம், 15 எம்பி. ஒவ்வொரு துண்டின் கடைசி 10 விநாடியிலும் ஒரு கேள்வி வைத்தால், அடுத்த துண்டு இறங்கும் நேரத்தில் பிள்ளை கொப்பியில் விடை எழுதியிருக்கும்.